நடுச்சுவரில் ஒரு வழி

ரோட்டின் நடுவில் இடுப்பளவு சுவர் கட்டினால் என்ன ஆகும் என்று உங்களைக் கேட்டால், எதிரெதிர் வண்டிகள் மோதிக்கொள்ளாது என்பீர்கள். சரியான பதில்தான். ஆனால் அந்தச் சுவரால் ஒருவருடைய கல்யாணம் நிற்கப் பார்த்தது என்றால் நம்புவீர்களா? நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது.

வேங்கிக்கால் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. கலெக்டர் ஆபீஸ் வந்ததும் அதன் பின்னாலேயே மற்ற ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ்களுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடைகள் வந்தன. வேர்க்கடலை விளைந்த கொல்லைகளில் மனைக்கல் நட்டார்கள். வண்டிகள் ஜாஸ்தி ஆனதால் வேலூர் ரோட்டை அகலப்படுத்தி நடுவில் சுவர் கட்டத் தொடங்கினார்கள். அது டவுன் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தெருவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடுகளெல்லாம் ரோட்டுக்கு மேற்கே இருந்தன. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பெரியப்பாவின் நிலம் மூன்றும் கிழக்கே. 'அந்தாண்ட' என்று நாங்கள் சொன்னது ரோட்டின் அந்தப் பக்கத்தை, வேறு ஊரை அல்ல. வீட்டுக்குள் அடுத்த அறைக்குப் போவதுபோல நாள் முழுக்க ரோட்டைத் தாண்டிக்கொண்டிருப்போம். அதுவும் எப்போதும் தெருமுனையில் இருந்த புங்கமரத்தடியில்தான். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. கால் தானாக அங்கே போகும், அவ்வளவுதான்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, புங்கமரத்தைத் தாண்டி வடக்கே தனியாக ஒரு பஞ்சர் கடை வைத்திருந்தார். கடை மேற்குப் பக்கம். டவுனுக்குப் போகும் வண்டிகளோ கிழக்குப் பக்கமாக வரும். பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற வேன் வேனாக ஜனம் வரும்போது எப்படியும் சில வேன்களுக்குக் காற்று இறங்கும். அவை திரும்பி மாமா கடைக்கு வரும். நடுவில் சுவர் வந்துவிட்டால் எப்படி வரும்? போளூர் பக்கம் மாமாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கடை ஓடுவதை ஒரு பௌர்ணமிக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் தேதி குறிப்பேன் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார்.

மாமா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு இடத்தில்தான் சுவரில் வழி விடுவார்கள் என்றும், ஜனங்கள் எங்கே தாண்டுகிறார்கள் என்று பார்க்க ஒரு இன்ஜினியர் வருவார் என்றும் தெரிந்துகொண்டு வந்தார். அன்று சாயங்காலமே தெருவைக் கூட்டிவிட்டார்.

"சனிக்கிழமை வராங்க. எங்க கூட்டம் ஜாஸ்தியோ அங்க வழி. அன்னைக்கு எல்லாரும் என் கடைக்கு எதிர்லயே தாண்டுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"டேய், நாங்க புங்கமரத்தாண்டதான் தாண்டுவோம். உன் கடை எங்கயோ இருக்குது," என்றாள் அம்மா.

"ஒரு நாளைக்குதான்க்கா. எல்லாருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தரேன்."

தெரு ஒத்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை ஜீப் வந்து மாமா கடைக்கு எதிரே நின்றது. இறங்கியவர் குடை பிடித்த ஒரு இளம் மேடம். கூட அளவு டேப்போடு ஒரு உதவியாளர். மாமா டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று தலையைச் சொறிந்தார். அதுதான் சைகை. பிறகு சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி, வருகிற வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். பஞ்சர் கடைக்காரர் எதற்குப் போலீஸ் வேலை பார்க்கிறார் என்று மேடம் கேட்கவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்துப் பையன் வேஷம். பையை மாட்டிக்கொண்டு போனேன், வந்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி போனேன்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "இன்னைக்கு ஸ்கூல் லீவாச்சே, தம்பி?"

"டியூஷன், மேடம்."

அடுத்த தடவை மாமா என் கையில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொடுத்து அனுப்பினார். அவசரத்தில் பையைக் கழற்ற மறந்துவிட்டேன்.

"ஆட்டுக்கும் டியூஷனா?" என்றார் மேடம்.

ஆடு பதிலுக்குக் கத்தியது.

அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கும் வேஷம். காலிக் குடத்தோடு போனாள், காலிக் குடத்தோடேயே திரும்பினாள். "அந்தாண்ட குழாயே இல்ல. எங்க போய் ரொப்புவேன்?" என்று மாமாவிடம் முணுமுணுத்தாள். "நீ நட அக்கா, பேசாத," என்றார் மாமா.

பெரியப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். அது மாமா கடை வரைக்கும் வந்தது. ரோட்டைப் பார்த்தது. பெரியப்பா கயிற்றை எவ்வளவோ இழுத்தும் தாண்ட மாட்டேன் என்று நின்றது. பிறகு ஒரே உதறலில் கயிற்றை விடுவித்துக்கொண்டு, ரோட்டோரமாகவே நடந்து புங்கமரத்தடிக்குப் போய், அங்கே நிதானமாகத் தாண்டி நிலத்துக்குப் போய்விட்டது.

"மாட்டைப் புடிங்க," என்று மாமா பெரியப்பாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"அதுக்கு எங்கடா பஜ்ஜி குடுத்த?" என்று கேட்டுக்கொண்டே பெரியப்பா அதன் பின்னால் ஓடினார்.

மதியம் மேடம் நிழல் தேடி எங்கேயோ நடந்தார். நாடகத்துக்கு இடைவேளை விட்டார்கள். பஜ்ஜி வந்தது. சாதாரணக் காரம் இல்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. மாமா கடையில் இருந்ததோ டியூபை முக்கிப் பார்க்கும் தொட்டித் தண்ணீர்தான். பள்ளிக்கூடத்துப் பம்பு ஞாபகம் வந்ததும் நான் ஓடினேன். என் பின்னால் மற்ற பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். புங்கமரத்தடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, தாண்டி, பம்பை அடித்து வயிறு முட்டக் குடித்தோம்.

திரும்பி வரும்போதுதான் மேடம் அந்த மரத்து நிழலில் நிற்பதைப் பார்த்தேன்.

"பஜ்ஜி காரமா?" என்றார்.

"ரொம்பக் காரம், மேடம்."

அவர் குடை நுனியால் தரையைக் காட்டினார். "ரோட்டோரம் பூரா புல்லு இருக்குது. இங்க மட்டும் ஏன் மொளைக்கல?"

"தெரியலைங்க மேடம். எப்பவுமே இப்படித்தான் இருக்குது."

அவர் சிரித்துவிட்டு உதவியாளரைக் கூப்பிட்டார். நான் இடைவேளை முடிந்துவிடுமே என்று மாமா கடைக்கு ஓடினேன். சாயங்காலம் ஜீப் கிளம்பும் வரை இன்னும் பல தடவை, ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக மாமா கடைக்கு எதிரேதான் தாண்டினேன். அன்று இரவு மாமா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவில் நடந்தார்.

சில வாரங்களில் சுவர் புங்கமரம் வரை வந்தது. அங்கே நின்றது. ஒரு லாரி திரும்புகிற அளவுக்கு இடம் விட்டு அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. "இது வேற எதுக்கோ விட்டிருக்காங்க," என்று மாமா தைரியம் சொன்னார். சுவர் அவர் கடைக்கு எதிரே வந்தது. நிற்காமல், மூச்சுகூட விடாமல், தாண்டிப் போய்விட்டது.

மாமா அன்று சாப்பிடவில்லை. "யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. இல்லனா அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? நம்ம தெருவுலயே எவனோ."

ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். பெரியப்பாவை ரொம்ப நேரம் முறைத்தார். என்னை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து, "இவன் ஒருத்தன்தான் எனக்காக உழைச்சான்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாதான் கடைசியில் அலுத்துப்போய்ச் சொன்னாள். "உன் கடை இன்னா வேருவிட்டா நிக்குது? நாலு டயரு, ஒரு கம்ப்ரசரு. தூக்கினு வந்து மரத்தாண்ட வையேன்டா."

மாமா எழுந்து போய்க் கையைக் கழுவினார். பிறகு சாப்பாடு போடச் சொன்னார்.

அடுத்த பௌர்ணமிக்குக் கடை புங்கமரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. டவுனுக்குப் போகிற வேன்கள் அந்த வழியில் திரும்பி நேராகக் கடை வாசலில் வந்து நின்றன. போளூர்க்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மாமா தலைநிமிர நேரமில்லாமல் வேலையில் இருந்தார். தேதி குறித்துவிட்டுத்தான் அவர் ஊருக்குத் திரும்பினார். பிறகு அந்த இடத்தில் ஒரு டீக்கடை வந்தது. டீக்கடையைப் பார்த்து ஆட்டோக்கள் நின்றன. ஆட்டோக்களைப் பார்த்து பஸ்ஸும் நிற்க ஆரம்பித்தது. தெருத்தெருவாக மோர் விற்றுக்கொண்டிருந்த அம்மாவும் அங்கேயே உட்கார்ந்து விற்கத் தொடங்கினாள்.

எனக்கு மட்டும் ஒரு வருத்தம் இருந்தது. தினமும் அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போது நினைத்துக்கொள்வேன்: பாவம், இவ்வளவு படித்த மேடத்துக்கு எண்ணத் தெரியவில்லையே. சட்டை மாற்றி, பை மாட்டி, ஆடு தூக்கி, அவர் கண்ணெதிரே எத்தனை தடவை தாண்டியிருப்பேன். அத்தனையையும் விட்டுவிட்டு, பஜ்ஜி காரம் தாங்காமல் தண்ணீர் குடிக்க ஓடிய அந்த ஒரு தடவையை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.