சுவரோடு பேசிய சம்பந்தி

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். எல்லோரும் அவரை 'பிரேக்' என்பார்கள். வண்டி எப்படியோ, பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். ஓய்வு பெற்றபின் அவருக்கு உயிர் தோட்டத்து அசேலியாப் பூச்செடிதான். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவார். வேர் மேலாக ஓடும் செடி என்று மண்வெட்டி படவிடாமல் களையை விரலால் பிடுங்குவார்.

மகளைப் பக்கத்து வீட்டிலேயே கட்டிக் கொடுத்திருந்தார். ஆனால் சம்பந்தியம்மாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. "வந்தவளுக்கு உப்பு எது, சர்க்கரை எதுன்னு தெரியல" என்று அந்தம்மா யாரிடமோ சொன்னது இவர் காதில் விழுந்தது. அன்றோடு சரி. அவசரமென்றால் இவர் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரைப் பார்த்துப் பேசுவார், அந்தம்மா கோழியைப் பார்த்துப் பதில் சொல்வார்.

அந்த வருஷம் பூ உதிர்ந்ததும் அண்ணன் செடியைக் கவாத்து செய்தார். தள்ளிப்போட்டால் அடுத்த வருஷத்து மொட்டையும் சேர்த்து வெட்ட வேண்டி வரும். வெட்டிய கிளைகளைச் சுவரோரம் குவித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் குவியலைக் காணோம்.

செடி விற்றவர் அன்றே சொல்லியிருந்தார்: "பாக்கத்தான் அழகு. ஆடு மாடு வாய் வெச்சா போச்சு." சம்பந்தி வீட்டில் ஒரு வெள்ளாடு உண்டு. அதன் பால்தான் பேத்திக்கு. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஆட்டின் முன்னால் இலையில்லாத குச்சிகள். அந்தம்மா பால் கறந்து முடித்துச் செம்போடு எழுந்தார்.

"ஏ சுவரே, வெட்டிப் போட்ட தழை..." வழக்கம்போல் பாதியில் பிரேக் விழுந்தது.

"கேட்டியா கோழி? குப்பைக்குப் போற தழைக்கும் கணக்குப் பாக்குறாங்க. எச்சில் கையால காக்கா ஓட்டாத வம்சம்!"

"அது இல்ல... பாலு..."

"பாலும் வேணுமாம்!"

செம்பு உள்ளே போய்விட்டது. அடுப்புப் பற்றும் சத்தம். "பாட்டி, பாலு!" என்று குழந்தை டம்ளரைத் தட்டும் சத்தம்.

அந்த வயதில் சுவர் ஏறினார். சட்டை சுவர் மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டிக்கொண்டது. கிழித்துக்கொண்டு குதித்தார். மிதிக்க மாட்டேன் என்ற வீட்டுக்குள் அடுப்படிவரை ஓடினார். குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் டம்ளர். தட்டிவிட்டார். குழந்தை வீறிட்டது.

"அடப்பாவி மனுஷா! பச்சப்புள்ள குடிக்கிற பாலைத் தட்டிவிடுறியே, உனக்கென்ன கேடு?" அந்தம்மா கோழியைத் தேடவில்லை.

"சம்பந்தியம்மா, அந்தத் தழை விஷம்! குடிச்சுதா? ஒரு வாயாவது குடிச்சுதா?" அண்ணனுக்கு அன்று பிரேக் பிடிக்கவில்லை.

அந்தம்மா குழந்தையின் வாயை விரலால் தடவி முகர்ந்தார். உதடு காய்ந்திருந்தது. "இல்ல... ஊதிக்கிட்டே இருந்துது." மிச்சப் பாலையும் கீழே கொட்டினார்.

வெளியே ஆடு கத்தியது. வாயெல்லாம் நுரை, பின்னங்கால் பின்னியது.

மாட்டு டாக்டர் வந்து மருந்து புகட்டினார். "நான் சொல்ற வரைக்கும் பால் வேணாம். பொழச்சா அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடு சரியாமல் சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேலையிலிருந்து திரும்பிய மகள் இதைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நின்றாளாம்.

மறுநாள் மத்தியானம் ஆடு தானாக எழுந்து நின்றது.

"அந்தச் செடியப் பிடுங்கிடுங்க, சம்பந்தி."

"மாட்டேன். வேணும்னா சுவரை ஒசத்துறேன்."

"தாராளமா ஒசத்துங்க. வாசல்னு ஒண்ணு இருக்குல்ல, இனிமே மனுஷன் மாதிரி அது வழியா வாங்க."