வால்வு வைத்த மாஸ்க்

மாஸ்க் விஷயத்தில் எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஊரே கடைக்குக் கடை மாஸ்க் தேடி அலைந்தபோது என் வீட்டு ஆணியில் மூன்று தொங்கிக்கொண்டிருந்தன. நான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவன். பெல்ட் ஓடினால் தூசி பறக்கும், தூசிக்கு மாஸ்க். இருபத்தைந்து வருடமாக அதுவும் என் மூஞ்சியில் ஓர் உறுப்பு மாதிரிதான். கெட்டியான சாம்பல் நிற மாஸ்க். நடுவில் சட்டைப் பொத்தானைவிடப் பெரிதாக ஒரு வட்ட மூடி, அதற்குள் மெல்லிய ரப்பர். மூச்சை இழுத்தால் ரப்பர் ஒட்டிக்கொள்ளும், விட்டால் திறந்து வழிவிடும். அதனால் புழுங்காது, கண்ணாடியில் ஆவி படியாது. துணியைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகள் கல்யாணமாகி ஓசூரில். குவார்ட்டர்ஸில் நானும் ஒரு டேபிள் ஃபேனும்தான். எங்கள் டவுன்ஷிப்பில் எல்லாருக்கும் வேறு எங்கோ ஒரு மாவட்டத்தில் சொந்த ஊர் இருக்கும், நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் தெருவே காலியாகிவிடும். எனக்குப் போக இடமில்லை. பக்கத்து வீட்டுச் செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற உத்தியோகம் எனக்கு.

ஒரு நாளில் நான் மனுஷனோடு பேசுவது ஷிப்ட் பஸ்ஸில் மட்டும்தான். போக அரை மணி, வர அரை மணி. அதுவும் ஒரே ஆளோடு. இடதுபக்கம் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் அவன், இந்தப் பக்கம் நான். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக்காரன், குடியிருந்தது எங்கள் தெருக்கோடிக் குவார்ட்டர்ஸில், என்னைவிட நாலு வயது மூத்தவன், ஆனாலும் எங்களுக்குள் ‘வாப்பா, போப்பா’தான். பம்ப் ஹவுஸில் ஃபிட்டர். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை நிறுத்தாமல் இறைக்கிற இடம் அது. அந்த இரைச்சலில் நின்று நின்று அவன் காது பாதி போய்விட்டது. வெளியே சொல்லமாட்டான். எனக்குத் தெரியும். எதிரில் ஆள் பேசினால் கண்ணைப் பார்க்கமாட்டான், வாயைப் பார்ப்பான். அதற்காகவே அவனிடம் மட்டும் நான் வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பேசுவேன். நான் நிதானமாகப் பேசிய ஒரே ஆள் அவன்தான். மற்றவர்களிடம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நோய் வந்தது. ஒரு சீட்டுக்கு ஒருத்தர், எல்லாரும் மாஸ்க் என்று உத்தரவு போட்டார்கள். அவன் ஜன்னலோரத்திலேயே இருந்தான், நான் நடைபாதையைத் தாண்டி அதே வரிசையில் வலதுபக்கம் உட்கார்ந்தேன். அவன் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு வந்தான்.

“மூக்குக்கு மேல ஏத்துப்பா” என்றேன்.

“நீ என்னா சொல்றன்னே புரியல. அத்த எறக்கிட்டுப் பேசு.”

“எறக்கமாட்டேன். நீ ஏத்து.”

“ஏத்திகினு எல்லாரும் ஊமப்படம் மாரி ஒக்காந்துகினு போவறதா? என்னால ஆவாது.”

பஸ் இரண்டாகப் பிரிந்தது. முன்பக்கம் மாஸ்க் கட்சி, பின்பக்கம் தாடைக் கட்சி, முன்னால் உட்கார்ந்த தாடைக்காரன் அவன் ஒருத்தன்தான். “கரித்தூளத் தின்னு வளந்த ஒடம்பு, இதுக்கா சாவப்போவுது” என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொல்வார். “சுடுகாட்டுல போயி சொல்லு” என்று முன்னாலிருந்து பதில் போகும். முன்பக்கக் கட்சிக்கு நான்தான் தலைவன். வால்வு வைத்த மாஸ்க் போட்ட தலைவன்.

இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலிருந்து எனக்குக் குழம்பு வரும். தனியாளுக்கு என்ன சமையல் என்று அவன் மனைவி கொடுத்தனுப்புவார். நோய்க் காலத்திலும் அது நிற்கவில்லை, அவன் வந்து கேட்டில் தூக்குவாளியை மாட்டிவிட்டுப் பெல் அடித்துவிட்டுப் போவான். அந்த ஞாயிறு வந்தது கருவாட்டுக் குழம்பு. வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லை, பச்சைத் தண்ணீர். உப்புப் போட்டேன். மறுபடி போட்டேன். வேறு யாராவது வீட்டில் இருந்திருந்தால் உப்புக் கரிக்கிறது என்று தட்டைத் தள்ளியிருப்பார்கள். இரண்டு நாளாகத் தொண்டையும் கரகரத்தது. பெல்ட்டில் வேலை செய்கிறவனுக்குத் தொண்டை கரகரக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவனைச் சீண்டினேன். “ஏம்ப்பா, உன் வூட்ல உப்பு தீந்துபோச்சா?”

இரண்டு தடவை கத்திய பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. “கருவாட்டுல உப்பில்லன்னு சொன்ன மொத ஆளு நீதாம்ப்பா” என்று சிரித்தான். நானும் மாஸ்க்குக்குள் சிரித்தேன். நான் சிரித்தது அவனுக்குத் தெரிந்திருக்காது.

புதன்கிழமை சண்டை வந்தது. ஏதோ கேட்டான், பதில் சொன்னேன், புரியவில்லை என்று கையை ஆட்டினான். திரும்பச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. நகர்ந்து வந்து எட்டிக் கையை நீட்டி, விளையாட்டாகத்தான், என் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தான். என் வாயைப் பார்க்க வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஏறியதோ. மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய், அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து கத்தினேன்.

“சாவறதுன்னா நீ ஒருத்தனா சாவு. எங்க எல்லாரையும் ஏன்யா சேத்து இழுத்துகினு போற?”

அந்த ‘ய்யா’ பத்தொன்பது வருடத்தில் நான் அவனிடம் சொல்லாதது. கத்தியதில் இருமலும் வந்தது. இருமி முடித்துவிட்டு, “வண்டிய நிறுத்து. இவுரு எறங்கட்டும்” என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னேன். முன்பக்கம் என்னை ஆமோதித்தது. பின்பக்கம் ஏதோ முணுமுணுத்தது. வண்டி நின்றது.

அவன் துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். என் மாஸ்க்கையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். சுரங்கத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது. பஸ் அவனைத் தாண்டிப் போனபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸிலிருந்து ஐந்து பேருக்கு நோய் என்று வந்தது. அதில் அவனும் ஒருத்தன். மற்றவர்களுக்குக் காய்ச்சலோடு போயிற்று, அவனுக்கு மூச்சு வாங்கி பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தான். பஸ்ஸில் மிச்சம் இருந்த எல்லாரையும் டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு இல்லை என்று வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? “நான் அன்னிக்கே சொன்னேன்” என்று முதலில் வாயைத் திறந்தது நான்தான். “அவருதாம்ப்பா கொண்டாந்தது” என்று பஸ் முடித்துவைத்தது. பின்பக்கத்துக்காரர்கள்கூட மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார்கள்.

போன் போட்டிருக்கலாம். போட்டாலும் அவனுக்குக் கேட்கப்போவதில்லை என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். பால்காரராக இருக்கும்.

ஒன்றரை மாதம் கழித்து வேலைக்கு வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. இப்போது மாஸ்க் மூக்குக்கு மேலே இருந்தது. அதே மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். அதற்குள் சீட்டுக்கு இரண்டு பேர் உட்காரலாம் என்று ஆகியிருந்தது. அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இடம் இல்லாமல் நின்றுகொண்டு வந்தார்களே தவிர, அங்கே உட்காரவில்லை. நான் ஏழாவது சீட்டுக்கு மாறியிருந்தேன். என் பக்கத்துக்கு ஆள் பஞ்சமே இல்லை. “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எதற்கெடுத்தாலும் என்னிடம் யோசனை கேட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அவன் வந்து ஒரு வார்த்தை பேசட்டும், நான் பேசிவிடுகிறேன் என்று காத்திருந்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான், போனான். மூன்று மாதம் இப்படி. அப்புறம் ரிட்டயர் ஆனான். ஒருநாள் காலையில் அவன் குவார்ட்டர்ஸ் வாசலில் டெம்போ நின்று சாமான் ஏற்றியது. என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. வெளியே போகவில்லை. இதை எழுதும்போதுகூட என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் எனக்கு வகுப்பு எடுக்க ஆள் கிடைத்தது. வரிசையில் நின்றேன். ஒரு நர்ஸ், என் மகளைவிடச் சின்ன வயது, என்னைத் தடுத்தார்.

“சார், இந்த மாஸ்க்கோட உள்ள வரக்கூடாதுங்க.”

“நீ பொறக்கறதுக்கு முன்னயிருந்து நான் மாஸ்க் போடுறவம்மா” என்றேன். வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. “இது தூசிக்குங்க சார். உங்களக் காப்பாத்தும், எதிர்ல இருக்கறவங்களக் காப்பாத்தாது. நீங்க விடுற மூச்சு அந்த வால்வு வழியா அப்படியே வெளிய வருது பாருங்க” என்று சொல்லி, மேலே போட்டுக்கொள்ள ஒரு நீல மாஸ்க் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, அந்தப் பழைய மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, மூடிக்கு எதிரே உள்ளங்கையை வைத்து ஊதினேன். சூடாகக் காற்று வந்தது. இருபத்தைந்து வருடமாக எனக்குத் தெரிந்த காற்றுதான். உள்ளே வரும் தூசியை மட்டுமே பார்த்துப் பழகியவனுக்கு, வெளியே போவதைப் பற்றி என்ன கவலை? கட்டிலில் உட்கார்ந்து நாள்களை விரல்விட்டு எண்ணினேன். கரகரத்த தொண்டை சனிக்கிழமை. உப்பில்லாத குழம்பு ஞாயிறு. நாக்கும் மூக்கும் செத்துப்போவது இந்த நோயின் அடையாளம் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. புதன்கிழமை நான் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து கத்தினேன், இருமினேன். அந்த பஸ்ஸில் முதல் ஆள் நான். எனக்கு டெஸ்ட் எடுத்தபோது அது என்னைவிட்டுப் போய்விட்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது என்னை வைத்துச் சொன்னதுதான்.

தெரிந்த மறுநாளே போயிருக்க வேண்டும். ஒன்றரை வருடம் ஆனது. மாஸ்க்கெல்லாம் ஊர் முகத்தைவிட்டுப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி பஸ் ஏறி, முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். வீடு நிறைய ஆட்கள். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். அவன் வாசலில் யாருடையதோ ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி “வாங்கண்ணா” என்றார். ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் கிடந்த நட்டு போல்ட்டைப் பார்த்துக்கொண்டே, வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் சொல்லி முடித்தேன். அவன் ஸ்பேனர் திருகிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தேன்.

“தலைய நிமித்திச் சொல்லுப்பா. வாய் தெரியல” என்றான். “காய்ச்சலுக்கு அப்புறம் காது சுத்தமா போயிடுச்சி.”

மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அவனையே பார்த்து, முன்பெல்லாம் பேசுகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து, நிதானமாக. “எனக்குத்தான் மொதல்ல வந்துது. பஸ்ஸுக்குக் கொண்டாந்தது நான். உனக்குக் குடுத்தது நான்.”

“தெரியும்” என்றான்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தான். “நான் மாட்டாத வால்வா? ஒரு பக்கம் அடைக்கும், ஒரு பக்கம் வுடும். நீ குனிஞ்சி கத்தனப்போ சூடா என் மூஞ்சில காத்து அடிச்சுது. அப்பறம் ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுக்காரன், சோத்துல உப்பில்ல உப்பில்லன்னு கத்திகினு இருந்தான். அப்பதான் கருவாட்டுக் கொழம்பு நெனப்பு வந்துது.”

“அப்ப ஏம்ப்பா சொல்லல? பஸ்ஸே உன்னைய ஒதுக்கி வச்சுதே.”

“நானும் போடாமத்தான இருந்தேன். அது என் தப்பு.” உள்ளே பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. “சொல்லியிருந்தா உன்னைய ஒதுக்கியிருப்பாங்க. எனக்கு வூட்டுக்கு வந்தா ஏழு பேரு. அந்த பஸ்ஸ வுட்டா உனக்கு யாருப்பா இருக்குறாங்க?”

நான் ஏதோ சொன்னேன். என் தலை மறுபடி குனிந்துவிட்டிருந்தது. இந்தத் தடவை அவன் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.