மிஸ்டர் ஏனுங்க

நியூஜெர்சியில் எனக்கு மூன்று பெயர்கள். பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிடும் என்பதால் ஆபீசில் சாம். பக்கத்து வீட்டு மிரியத்துக்கு மட்டும் மிஸ்டர் ஏனுங்க. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஊறுகாயோடு இந்த வார்த்தையையும் விமானம் ஏற்றி வந்தவள் என் மனைவி. "ஏனுங்க, கராஜ் கதவ க்ளோஸ் பண்ணுனீங்களா?" என்று அவள் கூப்பிட, வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மிரியம் அதுதான் என் பெயர் என்று முடிவு செய்துவிட்டார். திருத்தலாம் என்று நான் யோசிப்பதற்குள் பல வருடங்கள் ஓடிவிட்டன.

மிரியம் யூதர், எண்பதை நெருங்குபவர், போருக்குப் பின் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் நாஜிகள் பிடித்திருந்த போலந்தில், பொய்ப் பெயர்களோடு கத்தோலிக்கத் தம்பதியாக நடித்து உயிர் பிழைத்தவர்கள். வேலியோரம் நின்று அவர் இதைச் சொன்ன நாளில் எனக்கு நாவலாசிரியர் ஆகும் ஆசை பிடித்தது. அதுவரை தமிழ்ச் சங்க மலரில் நகைச்சுவைக் கட்டுரைகள்தான் எழுதியிருந்தேன். அவற்றைப் படித்துச் சிரித்தது மலரைத் தயாரித்தவர் மட்டும், அதுவும் பக்கம் நிரம்பிய சந்தோஷத்தில்.

மிரியம் அனுமதி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எழுதுங்க மிஸ்டர் ஏனுங்க. ஆனா லவ் ஸ்டோரி ஆக்கிடாதீங்க. அது பொய். எங்க அம்மா நாயைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுவா. அப்பாவை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்ல." அவருக்குப் படித்துக் காட்டவேண்டும், பொய் என்று பட்டால் தூக்கிப் போட்டுவிடவேண்டும். ஒத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பின்பக்க மரத் திண்ணையில் படித்தேன், தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. சந்தைக் காட்சி. கணவன் தெரியாமல் போலீஸ்காரனை நோக்கி நடக்கிறான். மனைவி தடுத்தாகவேண்டும். உண்மைப் பெயரைச் சொன்னால் இருவர் உயிரும் போகும். பொய்ப் பெயர் அவன் காதுக்கு இன்னும் பழகவில்லை. அவள், "ஏனுங்க!" என்கிறாள். அவன் திரும்புகிறான்.

மிரியம் கையை உயர்த்தினார். "எங்க அப்பா கதையில உங்க பேரு எதுக்கு?"

இரண்டு வருட நாவல் தக்காளிச் செடிக்கு உரமாகப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. கூட வந்திருந்த என் மனைவிதான் குறுக்கே வந்தாள். "ஆன்ட்டி, அது இவர் நேம் இல்ல. புருஷனைக் கூப்பிடறது. எங்க ஊர்ல புருஷன் பேரச் சொன்னா அவர் ஆயுசு குறையும்னு சொல்லுவாங்க."

மிரியம் உயர்த்திய கையை இறக்கினார். பிறகு, "எங்க அம்மா ஊர்லயும்" என்றார்.

எங்கள் ஊரில் அது நம்பிக்கை. அங்கே அது நடைமுறை.

"'ஸ்வூஹாய்'னுதான் கூப்பிடுவா. போலிஷ்ல 'இதக் கேளு'ன்னு அர்த்தம். இங்க வந்து, போலீஸ் பயம் போயி, சொந்தப் பேரும் திரும்பக் கிடைச்சப்புறமும் அதேதான். அவருமேல கோபம்னு நினைச்சேன்."

"அவர் திரும்பிப் பாப்பாரா ஆன்ட்டி?"

"எப்பவும். எவ்வளவு கூட்டத்திலயும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "லவ் ஸ்டோரின்னே போடுங்க."

தமிழைச் செம்மொழி என்று அறிவித்தபோதுகூட நான் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. போலந்துச் சந்தையில் ஒரு யூதப் பெண்ணுக்குத் தேவைப்பட்ட சொல், கோபியில் தயாராக இருந்திருக்கிறது. எழுதிய எனக்குத்தான் அது தெரியவில்லை. கை தானாக எழுதிவிட்டது.

அது என் பெயர் இல்லை என்று மிரியத்துக்கு இப்போது தெரியும். ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. இன்று காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மிஸ்டர் ஏனுங்க!" அதே நேரத்தில் சமையலறை ஜன்னலிலிருந்து, "ஏனுங்க!" இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஆபீசிலிருந்து, "ஹாய் சாம்."

அதற்கு மட்டும் கழுத்து திரும்பவில்லை.