பத்து மணி ஃபிளாஸ்க்

சதுரங்கப்பட்டினத்து ரேவதிதான் போனில் சொன்னாள். "அக்கா, மேரி அக்கா பூட்டாங்க. காத்தால நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." செங்கல்பட்டுச் சாலையில் எங்கள் பம்புத் தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துவந்த ஜெயமேரியைத் தெரிந்த உங்களுக்கும் அன்று இப்படித்தான் செய்தி வந்திருக்கும். நான் அதே பிரிவில் அவருக்கு அடுத்த நாற்காலி. கணவரின் கல்பாக்கம் வேலைக்காகத் திருநெல்வேலியை விட்டு வந்தவள். முதல் நாள் ஊர் நினைப்பில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். "இன்னா திர்னேலி, மூஞ்சிய இப்பிடி வச்சிகினு கீற? நாஸ்தா துன்னியா?" என்றார். அன்றிலிருந்து என் பெயரே அதுதான்.

ரேவதி அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது ஆபீஸே கைதட்டியது. மீன்பிடிக் குடும்பத்துப் பெண் இரும்பு கடையும் லேத் மெஷின் பழக வருகிறாளே என்று பெருமை. மேரி அக்கா மட்டும் கைதட்டவில்லை. காலை பத்து மணிக்குத்தான் அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்வார்கள். தொழிலே அதில்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் கன்னியப்பன் ரேவதி கையில் ஃபிளாஸ்க்கைக் கொடுத்து, கேட்டுக்கு வெளியே டீ வாங்க அனுப்பிவிடுவார். சிபாரிசில் வந்த பையன்கள் மெஷினை விட்டு நகர வேண்டியதில்லை.

"டீ வாங்க யாரை அனுப்புறாங்கன்னு பாரு, திர்னேலி. கேக்க ஆளில்லாத புள்ளையாத்தான் இருக்கும்" என்பார். அது அவரே பட்டது. திருக்கழுக்குன்றம் பக்கம் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். அவரும் அப்ரண்டிஸாக வந்தார். டீ வாங்கியே பயிற்சிக்காலம் போனது. கடைசித் தேர்வில் மெஷினைத் தயார் செய்யத் தெரியாமல் தோற்று, மறுபடி முதலிலிருந்து பழகியிருக்கிறார்.

ரேவதிக்கும் தேர்வு நெருங்கியது. தோற்றால் படித்தது போதும் என்று வீட்டில் கல்யாணம் பேசிவிடுவார்கள். ஒருநாள் பத்து மணிக்கு மேரி அக்கா நேராகப் போய் அவள் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஐயோ மேடம், நீங்க போயி..." கன்னியப்பன் பதறினார்.

"ஏன், எனக்குக் கால் இல்லியா? அது கத்துக்க வந்துகீது. நான் கத்துகினேன். நான் போறேன்."

"நீங்க ஏங்க்கா போறீய?" என்று பின்னாலேயே ஓடினேன்.

"நான் வாங்கியாந்தா அவனுங்களுக்குத் தொண்டையில எறங்காது பாரு."

நன்றாகவே இறங்கியது. இருந்தும் மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும். முறை போட்டுக்கொள்ளலாம் என்று கன்னியப்பன் சமாதானத்துக்கு வந்தபோதும் மசியவில்லை. "மொற போட்டா சுத்திச் சுத்தி கேக்க ஆளில்லாத புள்ளைங்க தலையிலதான் வுழும்." ரேவதி தேறினாள். இன்று அதே லேத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறாள்.

நானும் கூடப் போகத் தொடங்கினேன். டீக்கடை வரை போய்வரும் அந்த நடைதான் எனக்கு இந்த ஊரைப் பிடிக்க வைத்தது. எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசச் சொல்லிக் கேட்டு, ரோட்டில் நின்று சத்தமாகச் சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். அவருடைய 'திர்னேலி'யைத் திருத்திப் பார்த்தேன், ஒருநாளும் திருந்தவில்லை.

அடக்கத்தன்று வாசலில் யாரோ ஒரு பெரியவர் ரேவதியைப் பார்த்து, "பாப்பா, வந்தவங்களுக்கு டீ வாங்கியாம்மா" என்றார். அவள் எழுந்தாள். அதற்குள் ஃபிளாஸ்க் கன்னியப்பன் கையில் இருந்தது. "நீ குந்து. அக்கா பக்கத்துல குந்து" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.

மேரி அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ஆபீஸ் ஃபிளாஸ்க்கும் அந்த நடையும்தான். பத்து மணிக்கு இப்போது நான் போகிறேன். புதிதாக வந்த பெண்கள் மெஷின் முன்னால் நிற்கிறார்கள், அதில் குறை வைக்கவில்லை. கேட்டைத் தாண்டிய பிறகுதான் தாங்க முடியவில்லை. சொந்த ஊருக்காக ஏங்கிக்கொண்டு வந்தவள் நான். இப்போது அந்த ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்லிக் கூப்பிட ஆளில்லையே என்று ஏங்குகிறேன்.