சிறுத்தையைப் பார்க்கப் போன முத்தலிபு

எலுவன்குளத்து முத்தலிபுக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், பதினாறு வயதில், மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தவர். கடல்காரர் வீட்டுப் பிள்ளை காட்டோரத்தில் கச்சான் கடலை போட்டு, ஆடு வளர்த்து ஆளானார். எவரேனும் சற்றே இளக்காரமாகப் பேசிவிட்டால் போதும், பள்ளிவாசல் நிர்வாகத்தார் என்றும் பாராமல் சண்டைக்கு நிற்பார். அந்த வாயால் அவர் கெட்டது கொஞ்சநஞ்சமில்லை.

இந்த வருடம் அவருடைய கோபமெல்லாம் ஒரு சிறுத்தைமேல். பட்டியிலிருந்து ஏழு ஆடுகளைத் தூக்கிய சனியன்! அதை உயிரோடு பிடித்து, இருபது மைல் தள்ளியிருக்கும் காப்பகத்தில் வைத்து வைத்தியம் பார்க்கிறார்களாம். சுகமானதும் திரும்பக் காட்டில் விடப்போவதாக ஊரில் கதை. விட்டால் மிச்ச ஆடுகளும் போய்விடும். விடக்கூடாதென்று கடிதம் எழுதி, ஊராரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மச்சான் செய்னுலாப்தீனின் ஆட்டோவில் கிளம்பினார்.

காப்பகத்து மிருக வைத்தியர் நிலக்ஷி, உடப்பு ஊர்ப் பெண். இப்படிக் கடிதத்தோடு வருகிறவர்களைக் கண்டு கண்டு அலுத்தவள். கதிரையில் இருக்கக்கூடச் சொல்லாமல், நேரே கூட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சிறுத்தை ஒரு முன்னங்கால் இல்லாமல் கிடந்தது. முத்தலிபுக்கு இரக்கமே வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் நினைத்தார்.

அது இனிக் காட்டுக்குப் போகாது, உங்கள் கடிதத்துக்கு வேலையில்லை என்றாள் நிலக்ஷி. ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியைக் காட்டினாள். பன்றிக்கு வைத்த கண்ணியை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கம்பி இறுகிக் கால் அழுகி, மானை விரட்ட முடியாமல் போனபிறகுதான் பட்டிகளுக்கு வந்திருக்கிறது.

கம்பியில் இருந்தது வலைக்கயிற்றுக்குப் போடும் முடிச்சு. எலுவன்குளத்தில் மற்றவர்களெல்லாம் கம்பியை முறுக்கித்தான் விடுவார்கள். வாப்பா கடலில் பழக்கிய முடிச்சைக் கம்பியிலும் போடுகிற ஆள் ஊரிலே ஒருவர்தான். கச்சான் தோட்டத்தில் கண்ணியொன்று காணாமல்போனதும், அடுத்த மாதமே முதல் ஆடு போனதும் முத்தலிபுக்கு நினைவு வந்தன. செய்னுலாப்தீனுக்கும் விளங்கிவிட்டது. மெதுவாகக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் வந்த காரியம் முடிந்திருக்கும்.

நிலக்ஷி விடவில்லை. அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

"அவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது நானா. பிடிபட்டால் மறியல் வீட்டில அடைப்பாங்க. கண்ணிய வெச்சிட்டு ஒளிச்சிருக்கிறவன் சரியான பயந்தாங்கொள்ளி. ஊருல போய்ச் சொல்லுங்க."

முத்தலிபு மச்சானின் கையை உதறினார்.

"ஆர் பயந்தாங்கொள்ளி? பண்டிக்கு வெச்ச கண்ணில ஒங்கட சிறுத்தைய ஆரு காலை வெக்கச் சொன்ன? அது என்ட முடிச்சு. நாந்தான் கட்டின. எழுதுங்க."

செய்னுலாப்தீன் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். நிலக்ஷி பேனையை எடுத்தாள். முத்தலிபு பெயர், வாப்பாவின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவர் கூட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.