மைக் இல்லாத கச்சேரி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கைலாசத்தின் முகம் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஆடி பிறந்ததும் தெருமுனைக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அவர் “அலோ, அலோ” என்று சொல்வதிலிருந்துதான் அந்தத் தெரு அம்மன் கோயில் திருவிழா தொடங்கும். முப்பது வருடமாக மைக்செட் அவருடையது. அண்ணன்மார் இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். இவருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கச்சேரி என்றால் மட்டும் அசையமாட்டார். நாகசுரமோ மெல்லிசையோ, மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரை முன்னால் வைத்துக்கொண்டு, எந்த வருடம் யார் எதை எப்படி வாசித்தார் என்று ஒன்றுவிடாமல் மனதில் போட்டுவைத்திருந்தார்.

தெருவில் அவரைப் போல இசைப் பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. காலையில் தறிக்குப் போகுமுன் டீக்கடையில் கூடுவார்கள். மற்ற நேரங்களில் வாட்ஸப் குழுவில் மோதிக்கொள்வார்கள். கடைசி நாள் கச்சேரிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற சண்டை சித்திரையிலேயே ஆரம்பித்துவிடும். ஒருவர் ஒரு பெயரைச் சொன்னால், அந்த வித்வான் பத்து வருடத்துக்கு முன்னால் எந்த இடத்தில் சுருதி விலகினார் என்பதை இன்னொருவர் எடுத்துச் சொல்வார். ஆனால் பேச்சு எங்கே சுற்றினாலும் 2003-ஆம் வருடத்தில் வந்து நின்றுவிடும்.

அந்த வருடம் கலவை ஊர் சிங்காரவேலு நாகசுரம் வாசித்தார். வாசிக்க உட்கார்ந்ததும் மழை பிடித்தது. கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கைவிட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மைக் இல்லாமல், இரண்டு மணி நேரம் வாசித்தார் மனிதர். நனைந்துகொண்டே கேட்டவர்கள் நாற்பது பேர் இருக்கும். இன்றைக்கு விசாரித்தால் நானூறு பேர் அங்கே இருந்ததாகச் சொல்வார்கள். அந்த நாற்பது பேரையும் கைலாசம் பேர் சொல்லி அடையாளம் காட்டுவார்.

அதனால்தான் ராமராஜன் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது.

ராமராஜன் தை மாதம் செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடிவந்தவர். ஐம்பத்தைந்து வயது, வழுக்கை, தடித்த கண்ணாடி. யாரோ குழுவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். இரண்டு மாதம் காலை வணக்கம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒருநாள் நீளமாகக் குரல் பதிவு ஒன்றைப் பேசி அனுப்பினார். 2003 கச்சேரியைப் பற்றித்தான். சிங்காரவேலு சண்முகப்ரியா ராகத்தைப் பாதியில் நிறுத்தி, வாயில் வைத்து ஊதும் சீவாளி ஈரமாகிவிட அதை மாற்றிக்கொண்டு, விட்ட இடத்தையே பிடித்தது, தவில்காரர் தோல் தொய்ந்துபோய் வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து அடித்தது, எல்லாவற்றையும் சொன்னார். இந்த வருடமும் அவரையே கூப்பிட வேண்டும், அதுவும் மைக் இல்லாமல் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தார்.

கைலாசம் அதை மூன்று தடவை கேட்டார். சொன்னது அத்தனையும் சரி. அதுதான் அவருக்கு உறுத்தியது. இந்த ஆள் அந்த நாற்பதில் இல்லை. இல்லாதவனுக்குச் சீவாளி மாற்றியது எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ‘மைக் இல்லாமல்’ என்ற வார்த்தை யாரைக் குறிவைத்து வருகிறது என்பதும் அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது. ஓரிக்கையில் புதிதாக பெரிய பெரிய பாக்ஸ்களோடு ஒருவன் மைக்செட் தொடங்கியிருந்தான். முதலில் தன்னை ஓரங்கட்டப் பார்க்கும் அவன் ஆளாக இருக்குமோ என்று நினைத்தார்.

மறு ஞாயிற்றுக்கிழமை ராமராஜன் டவுன் பஸ் பிடித்து டீக்கடைக்கே வந்துவிட்டார். கைலாசம் வேண்டுமென்றே தப்பாக, சிங்காரவேலு அன்றைக்கு முதலில் காம்போதிதானே எடுத்தார் என்று எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவைத்தார். ராமராஜன் டீயை ஊதிக்கொண்டே, மல்லாரிக்கு அப்புறம் ஹம்சத்வனி, காம்போதியே இல்லை என்றார். அதுவும் சரி.

“எங்க உக்காந்துக்கினு கேட்டீங்க?” என்றார் கைலாசம்.

“பின்னாடிதாங்க.”

“பின்னாடின்னா?”

“மேடைக்குப் பின்னாடி.”

மேடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் அன்றைக்கு ஜெனரேட்டர் வண்டி மட்டும்தான் நின்றது. கைலாசம் பாதி டீயோடு கிளாஸை வைத்தார்.

அவருக்குள் வெளியே சொல்லாத ஒன்று இருந்தது. அன்று கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட்டார்கள். இன்ஜின் ஓடியது, விளக்கு எரியவில்லை. வண்டிக்காரன் திரும்பத் திரும்ப, கரண்ட் வருகிறது, உன் பக்கம் பார் என்று கத்திக்கொண்டிருந்தான். வித்வான் காத்திருக்கிறார், கூட்டம் கலைகிறது. கைலாசம் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். விழாக் குழுவினரும் சேர்ந்துகொண்டு அவனைச் சந்துக்குள் தள்ளினார்கள். அவன் இன்ஜினை நிறுத்தினான். அப்புறம்தான் அந்தக் கச்சேரி. மறுநாள் காலையில் ஒயரைச் சுருட்டும்போது, தன் சுவிட்ச் பலகைக்கு வரும் ஒயர் ஜாயின்ட் தண்ணீரில் கிடந்து கருகிப்போயிருப்பதைக் கைலாசம் பார்த்தார். டேப் சுற்றாமல், அவசரத்துக்கு பிளாஸ்டிக் கவரைச் சுற்றியிருந்தார். அதைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிச் சாக்கடையில் போட்டார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. தெருவில் இருபது வருடமாக, ‘ஜெனரேட்டர்காரனுக்குக் கைலாசம் விட்ட அறை’ என்பது கச்சேரிக் கதையிலேயே ஒரு பகுதியாகிவிட்டிருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் டீ கிளாஸைக் கழுவப் போய்விடுவார்.

அடுத்த வாரம் ராமராஜனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனார். வீட்டில் ராமராஜனின் மனைவி வள்ளி மட்டும் இருந்தார். பிள்ளையார்பாளையத்து மைக்செட்காரர் என்றதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். என்ன வேலை பார்த்தார் உங்கள் வீட்டுக்காரர் என்று கைலாசம் நைசாகக் கேட்டார். ஆற்காட்டுப் பக்கம் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்ததாகவும், வயதாகிவிட்டதால் வண்டியை விற்றுவிட்டதாகவும் வள்ளி சொன்னார்.

“இந்த ஊருக்கு மட்டும் வண்டி எடுத்தாரவே மாட்டாரு. ஒரு வாட்டி இங்க அடி வாங்கினாராம். இப்போ என்னடான்னா இங்கதான் வூடு கட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு” என்றார் வள்ளி.

கைலாசம் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். கிளம்பிவிடலாம் என்று எழுந்தபோது ராமராஜன் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். கைலாசத்தைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. அதுவும் கைலாசத்துக்குப் பிடிக்கவில்லை.

“என்னை எப்போ அடையாளம் தெரிஞ்சுது?” என்று கைலாசமே கேட்டார்.

“குரூப்ல மொத நாளே. ஒங்க கொரல் மாறலயே.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொல்லி என்னபா ஆவப்போவுது. நான் பாட்டு கேக்க வந்தேன். வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு அன்னிக்கி, போவ முடியல. சீட்ல உக்காந்துக்கினே மேடையப் பாத்துக்கினு முழுசும் கேட்டேன். அந்த மாதிரி அப்புறம் நான் கேக்கவே இல்ல.”

பாட்டுக்காக ஒருவன் அடி வாங்கிய ஊரிலேயே வீடு கட்டுவானா? திரும்பி வரும் வழியெல்லாம் கைலாசம் அதையே யோசித்தார். திருவிழாக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லப்போகிறான். அதற்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று முடிவுகட்டினார். அதற்குப் பிறகு குழுவில் ராமராஜன் எதைப் போட்டாலும் அதில் உள்குத்து இருப்பதாகத்தான் தோன்றியது. ஒருநாள் பழைய பெட்ரோமாக்ஸ் படம் ஒன்றைப் போட்டார். கைலாசம் அதை உடனே தன் ஃபோனிலிருந்து அழித்தார்.

ஆனி கடைசியில் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. விழாக் குழுத் தலைவர் மாணிக்கவாசகம், நாலு தறி போட்டிருக்கும் பெரியவர், நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் கீர்த்தி முதலில் பேசினாள். சென்னையிலிருந்து ஓர் இசை பேண்ட் வர ஒத்துக்கொண்டிருக்கிறது, இளவட்டம் எல்லாம் அதைத்தான் எதிர்பார்க்கிறது, போன வருடம் நாகசுரத்தின்போது முன் வரிசையில்கூட ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றாள். பொய்யில்லை. ராமராஜன் எழுந்து, சிங்காரவேலுவுக்கு எழுபத்தொன்று ஆகிறது, இன்னும் எத்தனை வருடம் வாசிப்பாரோ, கடைசி நாளை அவருக்குக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கீர்த்தி, தான் பிறக்காத காலத்துக் கச்சேரியையே எத்தனை நாள் பேசுவீர்கள் என்றாள். மாணிக்கவாசகம் சிரித்தார். அவளுக்குக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஜெனரேட்டர்காரன் கழுத்தறுத்தது, கைலாசம் விட்ட அறையில் அவன் பல் ஆடியது, அந்த மாதிரி ஏமாற்றுக்காரனுக்கு அப்படித்தான் வேண்டும் என்று சொல்லி முடித்தார். மண்டபமே சிரித்தது.

கைலாசம் ராமராஜனைப் பார்த்தார். இப்போது எழுந்திருப்பான் என்று காத்திருந்தார். ராமராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கி, பேச்சு மறுபடி பேண்டுக்குப் போனது. ராமராஜன் வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்கப்போவதே இல்லை என்று கைலாசத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

கைலாசம் எழுந்தார்.

“ஜெனரேட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்ல. என் ஜாயின்ட்தான் எரிஞ்சுபோச்சு. நான் சொல்லாம வுட்டுட்டேன். அந்த ஜெனரேட்டர்காரர் இவருதான்” என்றார்.

மாணிக்கவாசகத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு அவர் ராமராஜனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முனகினார். ராமராஜன், அதெல்லாம் இருக்கட்டும், சிங்காரவேலுவுக்கு என்ன முடிவு சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

கடைசி நாள் பேண்டுக்கும், அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சிங்காரவேலுவுக்கும் என்று முடிவானது. இரண்டு நாளுக்கும் மைக்செட் ஓரிக்கைக்காரனுக்குப் போனது. யாரும் காரணம் சொல்லவில்லை. கைலாசமும் கேட்கவில்லை. தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் மட்டும் அவரிடம் இருந்தது.

சிங்காரவேலு வந்தார். மைக் இல்லாமல் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஐம்பது நிமிடம் வாசித்தார். மேல் ஸ்தாயியில் மூச்சு எட்டவில்லை, இரண்டு இடத்தில் உடன் வாசித்த மகன் வாங்கி நிரப்பினார். ஆனால் ஆலாபனையில் ஓர் இடத்தில், நாலைந்து சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, கீர்த்தி ஃபோனை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். கைலாசம் முப்பது வருடத்தில் முதல்முறையாக ஜனங்களோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கேட்பதற்கு வேறு மாதிரி இருந்தது. ராமராஜன் எதிர்ப்பக்கம் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை டீக்கடையில் அடிதடி விவாதம். கிழவர் தேறவில்லை என்று ஒரு கட்சி, அந்த ஓர் இடம் போதும் என்று ஒரு கட்சி. ராமராஜன் எல்லோரும் கலையும்வரை காத்திருந்தார். பிறகு கைலாசத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கணும்ணா. அந்த ஜாயின்ட் எரிஞ்சது காலையிலதான் தெரிஞ்சுதா, இல்ல என்னை அடிக்கறப்பவே தெரியுமா?”

காலையில்தான் என்று சொல்வதற்குக் கைலாசத்துக்கு வாய் வரை வந்தது. அது பொய்யும் இல்லை.

“கண்ணால பாத்தது காலையில. டேப் சுத்தலன்னு அடிக்கசொல்லவே ஞாபகம் இருந்துது” என்றார்.

ராமராஜன் டீயைக் குடித்து முடித்தார். பிறகு கிளாஸை வைத்துவிட்டு, செவிலிமேடு பஸ் வருகிறது என்று எழுந்து போனார். ஆவணி முழுக்க டீக்கடைப் பக்கம் வரவில்லை. குழுவிலும் ஒரு வார்த்தை இல்லை. கைலாசம் தினமும் இரண்டு மூன்று தடவை ஃபோனில் அவர் பெயரைத் தொட்டுப் பார்ப்பார்.

புரட்டாசி பிறந்த அன்று குழுவில் ஒரு செய்தி வந்தது. முசரவாக்கத்தில் நவராத்திரிக்கு இரட்டை நாகசுரம் வைத்திருக்கிறார்கள், போவதற்கு யார் வருகிறீர்கள் என்று ராமராஜன் கேட்டிருந்தார். கைலாசம் முதல் ஆளாகத் தன் பேரைப் போட்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார இடம் இருக்கிறது என்றும் எழுதினார். அதை ராமராஜன் பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. சாயங்காலம் ஆகியும் பதில் வரவில்லை; கைலாசம் ஸ்கூட்டரின் பின் சீட்டைத் துடைத்துவைத்தார்.