மாத்திரையும் மானமும்

தக்காளி வாங்கினால்கூட ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிற மனிதர் என் கணவர். பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர் வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை மட்டும் புரட்டிப் பார்க்காமல் நம்பினார். ஏதோ ஓர் இலையைப் பொடித்து வெந்நீரில் குடித்தால் சர்க்கரை போய்விடுமாம், மாத்திரையே வேண்டாமாம். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நான் போடாத சண்டை இல்லை. வேலப்பன்சாவடியில் இருக்கும் மகள் ஒரு டாக்டர் பேசிய வீடியோவை அனுப்பினாள். அவரும் மருந்துக் கம்பெனி ஆள்தான் என்று தள்ளிவிட்டார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. முதலில் ஏறித்தான் இறங்கும் என்றார். அதற்கும் அந்தச் செய்தியிலேயே பதில் எழுதிவைத்திருந்தான் அந்தப் புண்ணியவான்.

செருப்பு கடித்து அவர் காலில் புண் வந்தது. ஆறவே இல்லை. காலை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கத்திக் கத்தி அலுத்துப்போயிருந்தேன். ஒரு மத்தியானம் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது, சண்டை போடத் தெம்பில்லாமல், "உங்களுக்கு என்னதாங்க பயம்?" என்று மட்டும் கேட்டேன்.

கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்க கம்பெனி குரூப்புல அந்த மெசேஜ நான்தான் அல்லாருக்கும் அனுப்ச்சேன். ஒருத்தன் என்னைப் பாத்து மாத்திரைய உட்டுட்டான். இப்ப நான் போட்டா, இன்னா மூஞ்சிய வச்சிகினு அவன்கிட்ட பேசறது?"

இத்தனை நாள் நான் சர்க்கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்கு அது மானப் பிரச்சினை. யாருக்கும் சொல்ல வேண்டாம், வாங்க என்று அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் திட்டவில்லை, கேலி பேசவில்லை. மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார். புண் மெதுவாக மூடத் தொடங்கியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

போன வாரம் காலையில் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தபோது இவரைப் பார்த்து மாத்திரையை விட்ட அந்த நண்பர் கூப்பிட்டு, இலைப்பொடி எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்தார். "சூப்பரா கீது மாமே" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தத்தான் சக்தி இல்லை.

"அந்த ஊட்லயும் ஒருத்தி என்னை மாதிரி கத்திகினு கெடப்பா" என்றேன்.

வைத்த போனை மறுபடி கையில் எடுத்தார். இவரே நண்பரைக் கூப்பிட்டார். தான் மறுபடி மாத்திரை போடுவதையும், காலில் புண் வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். போனைச் சத்தமாக வைத்துப் பேசுகிற பழக்கம் என்பதால் நண்பரின் பதில் எனக்கும் கேட்டது.

"ஊட்ல பயமுறுத்திட்டாங்களா மாமே? நீ உட்டாலும் நான் உட மாட்டேன்."

இவர் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அந்தப் பக்கம் சிரிப்புதான் கேட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று என்னிடமே கேட்டார்.